650 கிலோவுக்குள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருகிறவன் நான். மோட்டார் பந்தயங்களைப் பற்றி யோசிக்க நேர்ந்தது ஜேம்ஸ் ஜாய்ஸால். 'டப்ளினர்ஸ்' தொகுதியில் 'பந்தயத்துக்குப் பிறகு' என்று ஒரு கதை இருக்கிறது. விமர்சகர்கள் அதிகம் தங்காமல் கடந்துவிடும் கதை. ஜாய்ஸுக்கே அதில் திருப்தி இருந்ததில்லை. அயர்லாந்தில் ஒரு கார் பந்தயம் முடிந்து வண்டிகள் டப்ளினுக்குள் வருகின்றன. ஏழை ஜனங்கள் சாலையோரம் கூடி நின்று ஆரவாரம் செய்கிறார்கள். ஒரு பிரெஞ்சுக்காரனின் வண்டியில் பின் ஸீட்டில் ஜிம்மி என்ற உள்ளூர் இளைஞன் இருக்கிறான். கசாப்புக் கடையில் பணம் சேர்த்தவரின் மகன். அந்த வண்டியில் தன்னைப் பிறர் பார்க்கிறார்கள் என்பதே அவனுக்குப் போதையாக இருக்கிறது. இரவு ஒரு படகில் சீட்டாடித் தோற்கிறான். விடிகிறது. அவ்வளவுதான்.

கதையின் பின்னால் நிற்கும் பந்தயம் நிஜமானது. 1903 ஜூலை 2 அன்று நடந்த கார்டன் பென்னெட் கோப்பைப் பந்தயம். அதற்கு மூன்று மாதம் முன்பு, பாரிஸில் அரைப்பட்டினியாகக் கிடந்த ஜாய்ஸ், ஹென்றி ஃபூர்னியே என்ற பிரெஞ்சுப் பந்தயக்காரரைப் பேட்டி கண்டு 'ஐரிஷ் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். பேட்டிக்கும் ஜூலைப் பந்தயத்துக்கும் நடுவே, மே மாதம், பாரிஸிலிருந்து மாட்ரிடுக்கு ஒரு பந்தயம் கிளம்பியது. அது மாட்ரிட் போய்ச் சேரவில்லை. கதையை விட்டு அந்தப் பந்தயத்துக்கும், அங்கிருந்து இன்னும் பின்னால், சிறிய கார்களின் ஆரம்பக் காலத்துக்கும் போனேன். போன இடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு கேள்வி. சிறியதாக இருப்பது என்றால் என்ன? சிறு பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள், இதற்கு விடை தெரிந்துவிட்டது போலத்தான் பேசிக்கொள்கிறோம்.

பிரெஞ்சில் 'வாத்யூர்' என்றால் வண்டி. 'வாத்யூரெத்' என்றால் குட்டி வண்டி. 1895இல் லியோன் பொல்லே என்பவர் தமது மூன்று சக்கர வண்டிக்கு வைத்த பெயர் இது. சில ஆண்டுகளுக்குள் இந்தச் செல்லப் பெயர் சட்டப் பெயராகிவிட்டது. பந்தயம் நடத்தியவர்கள் வண்டிகளைத் தராசில் ஏற்றிப் பிரித்தார்கள். புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் கணக்கு இப்படி: 650 கிலோவிலிருந்து 1000 கிலோ வரை பெரிய வண்டி, 400க்கும் 650க்கும் நடுவே இலேசான வண்டி, 400க்குக் கீழே வாத்யூரெத். காந்தப்பொறி வைத்து எரியூட்டும் வண்டிக்கு 7 கிலோ சலுகை. வகுப்புகள்தாம் வேறு. சாலை ஒன்று, தூரம் ஒன்று, போய்ச் சேரவேண்டிய ஊரும் ஒன்று.

லூயி ரெனோ தமது முதல் வண்டியை 1898இல், 21ஆவது வயதில், பாரிஸை ஒட்டிய பில்லாங்கூரில் குடும்பத் தோட்டத்துக் கொட்டகையில் செய்தார். என்ஜின் அவருடையதல்ல, த தியோன்-பூத்தோன் கம்பெனியின் 1¾ குதிரைசக்தி என்ஜின். அவருடையது வேறொன்று. அந்நாளைய வண்டிகள் பலவற்றில் என்ஜினின் விசை சங்கிலி வழியாகச் சக்கரத்துக்குப் போகும். லூயி ஒரு தண்டை வைத்தார். உச்ச வேகத்தில் நடுவே எந்தப் பற்சக்கரமும் குறுக்கிடாமல் விசை நேராகப் பின்பக்கம் போகும்படி செய்தார். இருக்கிற சிறிய பலம் வழியில் வீணாகக்கூடாது என்பதே எண்ணம். அந்த டிசம்பர் 24 இரவு மோன்மார்த்ரில் செங்குத்தான ரூ லெபிக் தெருவில் வண்டி ஏறிக் காட்டியது. அடுத்த ஆண்டு அண்ணன்கள் மார்ஸெலும் ஃபெர்நானும் கம்பெனி ஆரம்பித்தார்கள். லூயியும் மார்ஸெலும் பந்தயங்களில் தாங்களே ஓட்டினார்கள். 1899இல் பாரிஸ்-துரூவில், 1900இல் பாரிஸ்-துலூஸ், 1901இல் பாரிஸ்-பெர்லின்: வாத்யூரெத் வகுப்பின் முதலிடம் அவர்கள் வண்டிக்கே வந்தது.

முதலாமவன் என்றாலும் குட்டிகளுக்குள் முதலாமவன். பரிசு கொடுக்கும்போது ஒரு புன்னகையும் கூடவே வரும். அந்தப் புன்னகை 1902இல் நின்றது.

அந்த ஜூன் கடைசியில் பாரிஸிலிருந்து வியன்னாவுக்குப் பந்தயம். நான்கு நாள் பயணம். நடுவில் சுவிட்சர்லாந்தில் பந்தயம் கூடாது என்பதால் அந்தப் பகுதி கணக்கில் சேராது. அதற்குப்பின் ஆஸ்திரியாவில் ஆர்ல்பெர்க் கணவாய். 1,793 மீட்டர் உயரம். பெரிய வண்டிகள் 70 குதிரைசக்தியோடு வந்தன. பான்ஹார் வண்டியின் என்ஜின் கொள்ளளவு 13 லிட்டருக்கு மேல். இவ்வளவு பெரிய இருதயத்தை 1000 கிலோவுக்குள் அடக்க வேண்டும் என்பதால் மற்ற உறுப்புகளில் கை வைத்தார்கள். உலோகத்தில் எங்கெல்லாம் துளை போடலாமோ அங்கெல்லாம் போட்டு எடையைக் குறைத்தார்கள். சமதரையில் இது தெரியவில்லை. மலை கண்டுபிடித்துவிட்டது.

மார்ஸெல் ஓட்டியது இலேசான வண்டி, 650 கிலோவுக்குள். 3.8 லிட்டர் என்ஜின். இம்முறை அவர்கள் சொந்தமாகச் செய்தது. வியன்னாவில் பிராட்டர் திடலுக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தாம். மொத்த நேரக் கணக்கிலும் பெரிய வண்டிகள் அத்தனையும் அவருக்குப் பின்னால். சராசரி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியது. அதே பந்தயத்தில் தம்பி லூயியின் வண்டி மீது இன்னொரு வண்டி மோதிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் முறிந்தன. கிடைத்த மரத்தைச் செதுக்கி ஆரக்கால் செய்து மாட்டிக்கொண்டு அவர் மேலே போனார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்ஸெல் ஜெயித்தது வண்டி சிறியது என்பதற்காக அல்ல. பான்ஹார்காரர்களுக்கும் எடைக் கட்டுப்பாடு இருந்தது. அவர்களுக்கு அது வெளியிலிருந்து வந்த தொந்தரவு. முதலில் ஆசையைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு அதைக் கட்டுப்பாட்டுக்குள் திணித்தார்கள். ரெனோ சகோதரர்கள் அந்த எடைக்குள்ளேயே சிந்தித்தார்கள். என்ஜினும் சட்டமும் சக்கரமும் ஒன்றுக்கொன்று தெரிந்தவையாக இருந்தன. யாப்பு பற்றி நமக்குள் எவ்வளவோ சண்டை நடந்திருக்கிறது. வெண்பாவுக்குள் யோசிக்கிறவனுக்கும், யோசித்ததை வெண்பாவில் அடைக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மலைப்பாதையில் தெரிந்தது. யாப்பைக் கைவிட்டவனுக்கும் இதிலிருந்து விடுதலை கிடையாது. அவனுக்கும் ஏதோ ஓர் எடை உண்டு. அதை வெளியே யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கதை 1902இல் முடிந்திருந்தால் சிறியது பெரியதை வென்ற நீதிக்கதையாக, நமக்கு வேண்டிய உருவத்தில் கிடைத்திருக்கும். முடியவில்லை.

1903 மே 24, விடியுமுன், வெர்ஸேயில் பாரிஸ்-மாட்ரிட் பந்தயம் ஆரம்பித்தது. 200க்கு மேற்பட்ட வண்டிகள். முதல் நாள் போர்தோ வரை 552 கிலோமீட்டர். ரெனோ வண்டி இன்னமும் 650 கிலோவுக்குள்தான் இருந்தது. தராசு அதை இலேசான வண்டி என்றே சொன்னது. ஆனால் உள்ளே இப்போது 6.3 லிட்டர் என்ஜின், 30 குதிரைசக்தி. நேர்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டக்கூடியது. ஓராண்டு முன்பு யாரைக் கண்டு சிரிக்க முடிந்ததோ, அவர்கள் செய்ததையே இவர்களும் செய்திருந்தார்கள்: அதே எடை, அதற்குள் இன்னும் இன்னும் பலம். வெற்றி அவர்களுக்கு இதைத்தான் கற்றுக் கொடுத்தது. தோல்வி வேறு ஏதாவது கற்றுக் கொடுத்திருக்குமோ என்னவோ.

அன்று சாலையை ஆண்டது தூசி. மழை இல்லாத மே மாதம். கப்பியும் மண்ணும் போட்ட சாலை. தூசியை அடக்கச் சாலையில் தார் பூசிப் பார்க்கும் பரிசோதனை மொனாக்கோவில் 1902இல்தான் நடந்திருந்தது. முன்னே போகும் வண்டி கிளப்பிய மேகத்துக்குள் பின்னே வருகிறவன் நுழைய வேண்டும். சாலை தெரியாது. இருபுறமும் நின்ற மரங்களின் உச்சிகள் மட்டும் தூசிக்கு மேலே தெரியும். அவற்றைப் பார்த்துச் சாலை எங்கே திரும்புகிறது என்று ஊகித்து ஓட்டினார்கள். லூயியின் வண்டி எண் 3. அவருக்கு முன்னே இரண்டே வண்டிகள். ஏறக்குறையச் சுத்தமான காற்று. மார்ஸெலின் எண் 63. அவர் வெகு பின்னால் கிளம்பி, ஒவ்வொருவரையும் அவரவர் தூசிக்குள் புகுந்து தாண்டி வரவேண்டியிருந்தது. ஒரே தொழிற்கூடம், ஒரே வகை வண்டி, ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் சாலையைப் பார்த்து ஓட்டினான். மற்றவன் மர உச்சிகளைப் பார்த்து ஓட்டினான்.

எனக்குத் தெரிந்த தூசி சாலையோரத்துத் தூசி. சிறுவயதில் எங்கள் ஊருக்கு வந்த ஒரே பஸ் கப்பிச் சாலையில் வரும். வருவது தெரிந்ததும் ஓடிப்போய் ஓரத்தில் நிற்போம். நடுச்சாலை வரை போய் நிற்கிறவன்தான் தைரியசாலி. பஸ் போனபின் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பல்லிடுக்கில் மண் நறநறக்கும். அதற்காகவே நின்றோம். பஸ்ஸில் ஏறிப் போகவேண்டும் என்ற ஆசைகூட அப்போது எனக்கு இருந்ததாக நினைவில்லை. பெரியது ஒன்று நம்மை உரசிப் போயிற்று என்பது போதுமாயிருந்தது. ஆகவே அந்த மே மாதத்துப் பிரெஞ்சுக் கிராமத்து ஜனங்களை முட்டாள்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கூட்டம் கூட்டமாகச் சாலையிலேயே இறங்கி நின்றார்கள். வண்டி மேலே வந்து விழும் கணத்தில் பிளந்து வழிவிட்டார்கள். வழிவிட்டால் போதும் என்று நம்பினார்கள்.

கூவே-வெராக் என்ற ஊருக்கருகே மார்ஸெல், லியோன் தேரியின் வண்டியைத் தாண்டப் போனார். தூசியில் சாலையை விட்டு விலகி வண்டி புரண்டது. இரண்டு நாள் கழித்து இறந்தார். வயது 31. அன்று இறந்தவர்கள் அவரோடு சேர்த்துக் குறைந்தது எட்டுப் பேர் என்பது பொதுவான கணக்கு. ஓட்டியவர்கள் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து வந்த மெக்கானிக்குகள் உண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. சாலைக்குள் ஓடிவந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றப் பாய்ந்த ஒரு சிப்பாய் இந்தக் கணக்கில் இருக்கிறான். அவன் எந்த வகுப்பிலும் பெயர் கொடுத்தவன் அல்ல.

லூயி நண்பகல் வாக்கில் போர்தோவுக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தார். பின்னால் கிளம்பிப் பெருங்கூட்டத்தைத் தாண்டி வந்த பெர்னான் கப்ரியேல், பெரிய மோர்ஸ் வண்டியில், நேரக் கணக்கில் அவரை முந்தினார். சராசரி மணிக்கு 105 கிலோமீட்டர். அந்த எண்ணைக் கொண்டாட யாருக்கும் மனமில்லை. அரசாங்கம் பந்தயத்தை நிறுத்தியது. என்ஜினைக் கிளப்பக்கூடாது என்று உத்தரவு. குதிரை கட்டி இழுத்துப் போர்தோ ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அண்ணனின் செய்தி கேட்ட லூயி தங்கள் வண்டிகள் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டார். அதன்பின் அவர் பந்தயத்தில் ஓட்டவே இல்லை. வண்டிகள் செய்வதை நிறுத்தவும் இல்லை. கொட்டகையில் ஆரம்பித்த கம்பெனி பிரான்ஸின் மிகப் பெரிய தொழிற்சாலைகளில் ஒன்றாயிற்று.

ஊரிலிருந்து ஊருக்கு ஓடும் பந்தயம் பிரான்ஸில் இத்தோடு முடிந்தது. நாற்பது நாட்களுக்குள் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னெட் பந்தயம், காவல் போட்டு அடைத்த சாலையில் சுற்றிச் சுற்றி வருவதாக அமைந்தது. ஜிம்மியின் கதை அந்த மாற்றத்துக்குப் பின்னால் நிற்கிறது. வண்டிகள் இனி எங்கும் போகவில்லை. புறப்பட்ட இடத்துக்கே வருகின்றன. ஆறு வருஷம் கழித்து, 1909இல், மாரினெட்டி தமது ஃப்யூச்சரிஸ்ட் பிரகடனத்தில் பந்தயக் காரைக் கிரேக்கச் சிற்பத்துக்கு மேலே வைத்தார். வேகத்தைப் புதிய அழகு என்றார். நவீனத்துவ வரலாறு எழுதும்போது நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். என் வோட்டு ஜாய்ஸின் பலவீனமான கதைக்கு. வண்டி யாருடையது, பின் ஸீட்டில் இருப்பவன் யார், ஓரத்தில் நின்று கைதட்டுகிறவன் யார் என்று அவர் கேட்கிறார். மாரினெட்டியின் சாலையில் ஓரம் என்பதே இல்லை.

குட்டி வண்டிகளுக்கு வருகிறேன். 1906இல் 'லோத்தோ' பத்திரிகை வாத்யூரெத்களுக்கென்றே தனிப் பந்தயம் நடத்தியது. முதலில் ஆறு நாள் தினந்தோறும் நெடுந்தூரம் ஓடித் தாக்குப்பிடிக்க வேண்டும். பிறகுதான் வேகப் போட்டி. ஒற்றை ஸிலிண்டர் ஸிஸேர்-நோதன் வண்டி ஜெயித்தது. சாதாரண மனிதன் வாங்கக்கூடிய சிறிய, உறுதியான வண்டி உருவாக வேண்டும் என்பது நோக்கம். சிறியதைச் சிறியதாகவே வைத்திருக்க, அடுத்து வந்த ஆண்டுகளில், ஸிலிண்டரின் குறுக்களவுக்கு வரம்பு விதித்தார்கள். குறுக்களவு சிறுத்தால் என்ஜின் சிறுக்கும் என்பது விதி செய்தவர்களின் தர்க்கம்.

பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தைப் பற்றி விதி பேசவில்லை. என்ஜின் அந்தப் பக்கமாக வளர்ந்தது. 1910இல் லியோன்-பெஜோ கம்பெனியின் இரட்டை ஸிலிண்டர் பந்தய வண்டியில் குறுக்களவு 80 மில்லிமீட்டர், பிஸ்டன் போகும் தூரம் 280 மில்லிமீட்டர். முன்னால் ஒரு கோபுரம் போல என்ஜின் நின்றது. ஓட்டுகிறவர் அதைச் சுற்றி எட்டிப் பார்த்துத்தான் சாலையைக் காண வேண்டும். சட்டப்படி அது குட்டி வண்டிதான். முந்திய ஆண்டு கோப்பையை ஜெயித்த ஜியுப்போனே, அந்த ஆண்டு பயிற்சி ஓட்டத்தில், எதிர்ப்பட்ட சைக்கிள்காரர்கள் மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்பி, விபத்தில் இறந்தார். 1911இல் விதியை மாற்றி மொத்தக் கொள்ளளவு 3 லிட்டர் என்றார்கள். கோபுரங்கள் மறைந்தன.

இந்த 80க்கு 280 என்ற கணக்கு என் மனசை விட்டுப் போகமாட்டேனென்கிறது. சிறு பத்திரிகை என்று சொல்லிக்கொள்ளும் நமக்கும் ஒரு குறுக்களவு உண்டு. பிரதி 300, பக்கம் 32, கையில் காசு இல்லை. இதை ஒரு தகுதியாகவே காட்டுகிறோம். வணிகப் பத்திரிகைக்காரன் நம் எதிரில் நிற்கும்போது இந்தச் சிறுமை நமக்குக் கவசமாகிறது. ஆனால் விதி அளக்காத திசை ஒன்று நமக்கும் இருக்கிறது. அகம்பாவம், கோஷ்டி, யாருக்கும் புரியக்கூடாது என்பதையே லட்சியமாகக் கொண்ட வாக்கியம் எல்லாம் அந்தப் பக்கமாக உயர்ந்துகொண்டே போகலாம். தராசில் ஏறாது. ஒரு கட்டத்தில், ஓட்டுகிறவனுக்குச் சாலை தெரியாது. எதிரே சைக்கிளில் வருகிறவன் தெரியமாட்டான். அவன்தான் வாசகன்.

சிறியதாக இருப்பது ஒரு வகுப்பாகிவிட்டால், அதற்கென்று பரிசும் பெருமையும் வந்துவிட்டால், அது சிறியதாக நீடிப்பதில்லை என்பதே இந்தப் பன்னிரண்டு ஆண்டுச் சரித்திரத்திலிருந்து எனக்குக் கிடைப்பது. இதற்கு மாற்றாக ஓர் ஆள் என் நினைவில் நிற்கிறார். அவர் ஜெயித்தவர் அல்ல.

1907 ஜூன் 10 அன்று பெக்கிங்கிலிருந்து பாரிஸுக்கு ஐந்து வண்டிகள் கிளம்பின. விதிகள் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. எடை வகுப்பு இல்லை, சிறியவனுக்குச் சலுகை இல்லை. இளவரசர் ஷிப்பியோனே போர்கேஸேயின் இத்தாலா வண்டி 40 குதிரைசக்தி. ஒகூஸ்த் போன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் கோந்தால் வண்டி 6 குதிரைசக்தி, மூன்று சக்கரம். கோபி பாலைவனத்தில் போன்ஸுக்குப் பெட்ரோல் தீர்ந்தது. மற்றவர்கள் முன்னால் போயிருந்தார்கள். அவரும் துணைக்கு வந்தவரும் நடந்தார்கள். குடிக்க நீர் இல்லாமல் கிடந்தவர்களை நாடோடி மங்கோலியர்கள் கண்டு காப்பாற்றினார்கள். வண்டி பாலைவனத்தில் தங்கிவிட்டது. இளவரசர் ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் சேர்ந்தார். 10 குதிரைசக்தி த தியோன்-பூத்தோன் வண்டிகள் இரண்டு ஆகஸ்ட் 30 அன்று வந்து சேர்ந்தன. ஆகவே சிறியவர்களால் அந்தத் தூரம் முடியாது என்று யாரும் சொல்வதற்கில்லை.

போன்ஸை நான் தியாகியாக்க விரும்பவில்லை. அவருடைய வண்டி அந்தப் பாலைவனத்துக்குப் போதாது. அது நடந்து காட்டிய உண்மை. அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அவருடைய சிறுமை அவரிடம் இருந்த எந்திரத்தின் அளவு. அதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. அதை ஒரு கொள்கையாக அவர் காட்டவில்லை, அதன் நிழலில் பரிசு கேட்கவும் இல்லை. இளவரசன் போகும் தூரத்துக்கே தானும் பெயர் கொடுத்தார். மணலில் சக்கரம் எவ்வளவு புதைகிறது, தொட்டியில் இன்னும் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று ஒவ்வொரு மைலிலும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவரவர் தொட்டியில் என்ன இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்ப்பதற்கு இன்னொருவர் வண்டியின் அளவு தெரியவேண்டியதில்லை.